தாத்தாவின் லீவர் ரைஃபிளுக்குத் தோட்டா வாங்கும் முன்

நவம்பர் பிறந்தால் எங்கள் பட்டறையில் மூச்சுவிட நேரம் இருக்காது. பென்சில்வேனியாவில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த சனிக்கிழமை ரைஃபிள் பருவம் தொடங்கும். பரணிலும் அலமாரியிலும் கிடந்த பழைய மான் துப்பாக்கிகளெல்லாம் அதற்கு முந்தைய இரண்டு வாரத்தில் மேசைக்கு வந்து சேரும். பெரும்பாலும் லீவர் ஆக்‌ஷன். டிரிகருக்குக் கீழுள்ள வளையத்தை இறக்கி ஏற்றி இயக்கும் வகை. கொண்டுவருபவர் சொல்வதும் பெரும்பாலும் ஒன்றுதான்: “தாத்தாவோட தர்ட்டி-தர்ட்டி. எண்ணெய் போட்டுக் கொடுங்க போதும்.” எண்ணெய் போடலாம். ஆனால் அது தர்ட்டி-தர்ட்டிதானா, அதாவது .30-30 தோட்டாவுக்கானதுதானா என்பதைத் துப்பாக்கியின் சேம்பர், சுடும் தோட்டா உட்காரும் அறை, அதுதான் சொல்ல வேண்டும். குடும்பத்துப் பேச்சை வைத்துத் தோட்டா வாங்கக் கூடாது.

அதற்கும் முன்னால், காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். குழலுக்குக் கீழே நீளமான டியூப் இருக்கிறதே, அதுதான் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின். லீவரை ஒருமுறை இறக்கி ஏற்றி, ஒன்றும் வெளியே விழவில்லை என்றதும் காலி என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். ஸ்பிரிங் தளர்ந்திருந்தாலோ டியூப் எங்காவது நசுங்கியிருந்தாலோ தோட்டா உள்ளேயே மாட்டிக்கொண்டு நிற்கும். காரில் குலுங்கும்போது நகர்ந்து வரும். லீவரைப் பலமுறை இயக்குங்கள். சேம்பருக்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். டார்ச் அடித்து மேகசினின் பின்வாயையும் பாருங்கள். பழைய வின்செஸ்டர் 94-இல் ஹேமரை (அடித்து வெடிக்க வைக்கும் சுத்தியை) பாதியில் நிறுத்தும் வெட்டுதான் காவல். குறுக்கே தள்ளும் சேஃப்டி பொத்தான் 1992-இல்தான் வந்தது. தோட்டா உள்ளே இருக்கும்போது குளிரில் விறைத்த கட்டைவிரலால் ஹேமரை மெல்ல இறக்குவதுதான் இந்தத் துப்பாக்கியில் ஆபத்தான வேலை. குழல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் அந்த நேரத்தில் கண் இருக்கட்டும்.

சரி, இனி அடையாளம். ஜான் பிரௌனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 94 முதலில் வந்தது .32-40, .38-55 என்ற கருமருந்துத் தோட்டாக்களுக்கு. 1895-இல்தான் நிக்கல் ஸ்டீல் குழலோடு, புகையில்லா மருந்துக்கான .25-35-உம் .30-30-உம் வந்தன. பழைய குழல்களில் “30 டபிள்யூ.சி.எஃப்.” என்று பொறித்திருக்கும், அது .30-30-இன் பழைய பெயர், வேறொன்றும் இல்லை. சில வருடம் கழித்து .32 வின்செஸ்டர் ஸ்பெஷல் சேர்ந்தது. மார்லின் 1893, 1948 முதல் வந்த மார்லின் 336, சேவேஜ் 99 எல்லாம் இதே வேலைக்கான துப்பாக்கிகள்தான். தோட்டாக்கள்தான் வேறு வேறு.

குழப்பம் எண்ணில் வருகிறது. கடை அலமாரியில் .32 என்று கண்டதும் எடுத்துவிடுகிறார்கள். .32-20, .32-40, .32 ஸ்பெஷல், .32 ரெமிங்டன் நான்கும் தனித்தனித் தோட்டாக்கள். .303 சேவேஜுக்கும் .303 பிரிட்டிஷுக்கும் எண்ணைத் தவிர ஒட்டும் உறவும் இல்லை.

இதில் மிக நைசாக ஏமாற்றுவது .32 ஸ்பெஷல். “எங்க சுட்டாலும் எங்கயோ போகுது, குழல் தேஞ்சுபோச்சு போல” என்று ஒருவர் ஒரு 94-ஐக் கொண்டுவந்தார். சுட்ட அட்டையையும் கையோடு எடுத்து வந்திருந்தார், அது நல்லதாகப் போயிற்று. அட்டையில் துளைகள் வட்டமாக இல்லை. சாவித் துவாரம் போல நீள்வாக்கில் கிழிந்திருந்தன. குண்டு சுழலாமல் புரண்டு போய்ப் பட்டிருக்கிறது என்று அர்த்தம். சுட்ட பித்தளைக் கூடுகளைக் கேட்டேன். அடியில் .30-30 என்ற முத்திரை. கழுத்து அகலத் திறந்து, ஒன்றிரண்டில் நெடுக்காகப் பிளந்தும் இருந்தது. குறிபார்க்கும் பின் சைட்டுக்குப் பக்கத்தில் இருந்த அழுக்கைத் துடைத்ததும் குழலில் “32” தெரிந்தது. .32 ஸ்பெஷல் என்பதே .30-30-இன் கூட்டைக் கழுத்தில் விரித்துச் செய்ததுதான். அதனால் .30-30 தோட்டா அந்தச் சேம்பரில் தாராளமாக உட்காரும், வெடிக்கவும் செய்யும். ஆனால் 0.308 அங்குலக் குண்டு 0.321 அங்குலக் குழலில் போனால், குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய புரிச்சுற்று அதைப் பிடிக்கவே பிடிக்காது. பாவம், குழலில் தேய்மானம் ஒன்றுமே இல்லை.

இவர் விஷயத்தில் பொறித்திருந்தது சரியாக இருந்தது. எப்போதும் அப்படி இராது. நூறு வருடத் துப்பாக்கியில் யாராவது சேம்பரைக் கடைந்து வேறு தோட்டாவுக்கு மாற்றியிருக்கலாம், குழலையே மாற்றியிருக்கலாம். சந்தேகம் வந்தால் நாங்கள் செய்வது சேம்பர் அச்சு. செரோசேஃப் என்றொரு உலோகக் கலவை, கொதிநீரின் சூட்டுக்குள்ளேயே உருகிவிடும். குழலில் துணி அடைத்து, சேம்பரில் ஊற்றி, அரை மணிக்குள் வெளியே எடுத்துவிட வேண்டும். முதலில் சுருங்கும், அப்புறம் விரியும். ஊற்றி ஒரு மணி நேரம் கழித்து அளந்தால் சேம்பரின் அளவே கிடைக்கும். குழலின் உள்விட்டத்துக்கு மெத்தென்ற ஈயக்குண்டு ஒன்றைத் தள்ளி எடுத்து மைக்ரோமீட்டரில் பார்ப்போம். இதற்கான கூலி இரண்டு தோட்டாப் பெட்டி விலைக்குப் பெரிதாக மிஞ்சாது. முடிவை ஒரு அட்டையில் எழுதி டிரிகர் காப்பில் கட்டிக் கொடுப்பது என் வழக்கம்.

நம்மவர்களுக்காக ஒரு வார்த்தை. எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றமற்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பதுதான் அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்தின் பொது விதி. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விலக்குகளில் ஒன்று. உரிமம் காலாவதியானால் அந்த விலக்கும் போய்விடும். நண்பர் வீட்டு கராஜ் சேலில் மலிவாகக் கிடைக்கிறதே என்று கை நீட்டும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை பொருந்தாது.

துணைக்கருவிகளில் நான் கஞ்சன். பழைய 94 கூட்டை மேல்பக்கமாகத் தூக்கி எறியும். எனவே நடுவில் ஸ்கோப் வைக்க வழியில்லை. 1980-களில் பக்கவாட்டில் எறியும்படி மாற்றிய பிறகுதான் அது சாத்தியமானது. 1964-க்கு முந்தைய 94-இல் ஸ்கோப்புக்காகப் புதிதாகத் துளை போட்டால், சேகரிப்பாளர் தரும் விலையில் பெரும்பகுதி அந்தத் துளை வழியாகவே போய்விடும். ஏற்கெனவே ரிசீவரின் (இயங்கும் பாகங்கள் இருக்கும் நடு உடம்பின்) இடப்பக்கத்தில் தொழிற்சாலைத் துளைகள் இருந்தால் துவார சைட் (சிறு துளை வழியே குறிபார்ப்பது) ஒன்று போடுங்கள். காட்டுக்குள் நூறு கெஜத்துக்குள் சுடுகிற மானுக்கு அது போதும். ஸ்கோப் வேண்டியவருக்கு மார்லின் 336 நல்லது, மேல்தட்டு மூடியிருக்கும். கட்டைக்குத் தோல் உறை போடுகிறவர்கள் பருவம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு பக்கத்து இரும்பைத் துருப்பிடிக்கச் செய்யும்.

தோட்டாவுக்கு வருவோம். டியூப் மேகசினில் ஒரு தோட்டாவின் மூக்கு முன்னிருக்கும் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமரைத் தொட்டபடி நிற்கும். கூர்முனைக் குண்டு போட்டால், சுடும்போது வரும் பின்னுதைப்பில் அந்த முனையே ப்ரைமரைக் குத்தி டியூப்புக்குள் வெடிக்க வைக்கலாம். உங்கள் இடக்கை அங்கேதான் இருக்கிறது. அதனால் தட்டைமூக்கு, அல்லது இதற்கென்றே செய்த வளையும் பாலிமர் முனை. கடினமான பிளாஸ்டிக் முனை ஆகாது. சேவேஜ் 99-இல் பெரும்பாலும் சுழல் மேகசின், தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்று நிற்பதில்லை. அதில் கூர்முனை போடலாம். .30-30-க்கு 150 கிரெய்ன், 170 கிரெய்ன் எடையுள்ள குண்டுகள்தான் வழக்கம், இரண்டுமே மானுக்கு ஏற்றவை. கறியில் ஈயத்துகள் வேண்டாம் என்பவர்களுக்குச் செம்புக் குண்டு உண்டு. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயமே கூடாது.

சொந்தமாகத் தோட்டா கட்டுகிறவர்கள் மருந்தின் அளவைப் பற்றித்தான் என்னிடம் கேட்பார்கள். அதை நான் வாயால் சொல்வதே இல்லை. குண்டு, மருந்து தயாரிப்பவர்களின் இன்றைய கையேட்டை எடுத்து, அதில் உள்ள தொடக்க அளவிலிருந்து ஏறுங்கள். நண்பர் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். மருந்தைவிட இந்தத் துப்பாக்கிகளில் கவனம் வேண்டியது இரண்டு இடத்தில். ஒன்று, கழுத்தை இறுக்குவது. மேகசின் ஸ்பிரிங்கும் பின்னுதைப்பும் குண்டைக் கூட்டுக்குள் தள்ளப் பார்க்கும். தள்ளினால் அழுத்தம் ஏறும். எனவே குண்டிலுள்ள பள்ளவரையில் கழுத்து நன்றாக மடிய வேண்டும். கூடுகளின் நீளம் ஒன்றாக இருந்தால்தான் மடிப்பும் ஒன்றாக வரும்: .30-30-க்கு உச்சவரம்பு 2.039 அங்குலம், 2.029-க்கு வெட்டிக்கொள்ளலாம். பழைய .38-55 சேம்பரில் இது இன்னும் சிக்கல், ஏனென்றால் அந்தக் காலத்துக் கூடு 2.125 அங்குலம், இப்போது கடையில் கிடைப்பது 2.085.

இரண்டாவது, கூட்டின் அடிப்பகுதி. 94-இல் சேம்பரின் பின்வாயை மூடும் போல்ட்டைப் பூட்டுவது பின்பக்கத்தில். வெடிக்கும்போது ரிசீவர் கொஞ்சம் இழுபட்டுக் கொடுக்கும், கூடும் விளிம்புக்குச் சற்று மேலே நீளும். நாலைந்து முறை கட்டிச் சுட்ட கூட்டை ஜன்னலோரம் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அடியைச் சுற்றி மினுமினுவென ஒரு வளையம் தெரிகிறதா? ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைக் கொக்கியாக வளைத்து, கூட்டின் உட்சுவரில் அடியிலிருந்து மேலே இழுங்கள். ஓரிடத்தில் கொக்கி பள்ளத்தில் விழுந்து ஏறினால் அந்தக் கூட்டின் ஆயுள் அவ்வளவுதான். அடுத்த வெடிப்பில் தலை தனியே வந்து, மீதி சேம்பரிலேயே தங்கும். பள்ளம் விழுந்த கூட்டைச் சுடாமல் இடுக்கியால் நசுக்கிவிட்டு ஓட்டை உடைசல் டப்பாவில் போடுங்கள், இல்லாவிட்டால் எப்படியோ மறுபடி நல்ல கூடுகளோடு கலந்துவிடும்.

வேட்டைக்குக் கிளம்பும் முன் ஒருநாள் சுடுதளத்துக்குப் போய், கட்டிய தோட்டாக்களில் சிலவற்றை மேகசினில் போட்டே இயக்கிப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் சேம்பரில் வைத்துச் சுட்டால் அட்டையில் துளை அழகாக விழும். டியூப்பில் இருந்து ஏறுமா என்பது தெரியாது.