‘ரோடு வருதுங்களா?’: டப்பா தேடிப் போகிறவர்களுக்கு ஒரு சர்வேயரின் அனுபவம்

சேலத்தில் இருபது வருடமாக உரிமம் பெற்ற நில அளவராகத் தொழில் செய்கிறேன். முக்காலியை விரித்து டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவியை அதன் மேல் உட்கார வைப்பதற்குள் யாராவது ஒருவர் வந்து நின்றுவிடுவார். அஸ்தம்பட்டி பக்கம் என்றால் “பட்டா பிரிக்கிறீங்களா சார்?” என்பார்கள். ஊரைத் தாண்டிவிட்டால் ஒரே கேள்விதான்: “ரோடு வருதுங்களா?” அதற்குப் பதில் சொல்லாமல் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். இப்போது பதில் சொல்வதும் என் கூலியில் சேர்ந்ததுதான் என்று வைத்துக்கொண்டுவிட்டேன்.

மூன்று வருடத்துக்கு முன்பு பெங்களூரிலிருந்து வந்த அக்கா மகன் எனக்கு, யாரோ ஒளித்து வைத்த டப்பாவை ஜிபிஎஸ் பார்த்துத் தேடும் ஜியோகேச்சிங் விளையாட்டைக் காட்டினான். முதல் நாளே ஏற்காட்டுக்குக் கூட்டிப் போனான். யாராவது பக்கத்தில் வந்தால் அவன் உடனே குனிந்து ஷூ லேஸைக் கட்டுவான். நாலாவது முறை கட்டும்போது பைக்கில் போன இரண்டு பேர் வண்டியை நிறுத்திவிட்டார்கள். “அந்தத் தம்பி எதையோ கீழ வைக்கிறாரு” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது எனக்கே கேட்டது. இந்தக் கட்டுரையை எழுதவேண்டும் என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போதுதான் எழுத நேரம் வந்திருக்கிறது.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கம் வரை அமெரிக்க அரசு பொதுமக்களுக்கான ஜிபிஎஸ் சிக்னலை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்துத்தான் அனுப்பியது. நூறு மீட்டர் வரை பிழை வரும். அந்தக் கலப்படத்தை நிறுத்திய மறுநாள், மே 3 அன்று, டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்துக் காட்டில் ஒரு வாளியை வைத்து, அதன் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போட்டார். உள்ளே ஒரு நோட்டு, சில சாமான்கள், ஒரு பீன்ஸ் டின்னும் கூட. தேடி எடுப்பவர் பெயரை எழுதிவிட்டு, ஒரு பொருளை எடுத்தால் ஒரு பொருளை வைக்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம். இன்று டிபன் பாக்ஸ் அளவில் இருந்து, பாலத்துக் கம்பியில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் சட்டைப் பொத்தான் அளவு வரை டப்பாக்கள் உலகம் முழுக்க இருக்கின்றன.

வேடிக்கை பார்ப்பவர்கள் ஏன் கூடுகிறார்கள் என்பதற்கு என் தொழிலிலேயே காரணம் இருக்கிறது. திறந்த வானத்தின் கீழ் நல்ல செல்போன் ஐந்து மீட்டர் பிழைக்குள் இடத்தைக் காட்டும். ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களுக்கு அடியில் போய்விட்டால் சிக்னல் இலையிலும் பாறையிலும் பட்டுத் திரும்பி வரும். பத்து, பதினைந்து மீட்டர் என்று பிழை ஏறிவிடும். அம்புக்குறி கிழக்கே காட்டும், நாலடி வைத்தால் மேற்கே காட்டும். எனவே தேடுகிறவர் போனைப் பார்த்தபடி ஒரே இடத்தை இருபது நிமிடம் சுற்றிச் சுற்றி வருகிறார், கல்லைப் புரட்டுகிறார், பொந்தில் கையை விடுகிறார். தூரத்திலிருந்து பார்க்கிறவருக்கு இது எப்படித் தெரியும் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். போன் உங்களைச் சுற்ற வைத்தால் அதைப் பையில் போட்டுவிட்டு, ஓர் இடத்தில் உட்கார்ந்து, “நான் ஒளிப்பதாக இருந்தால் எங்கே வைப்பேன்” என்று கண்ணால் மட்டும் தேடுங்கள். பாதித் தொந்தரவு அங்கேயே குறையும்.

விளையாட்டைத் தெரியாத வெளியாட்களை ‘மகுள்’ என்று சொல்வது வெள்ளைக்கார ஆட்டக்காரர்களின் வழக்கம். ஒரு மாயாஜாலச் சிறுவர் கதையிலிருந்து எடுத்த சொல். மகுள் கண்ணில் படாமல் எடுப்பதைத் திறமை என்று கொண்டாடுவார்கள். அதற்கான யோசனைகளில் ரொம்பப் பிரபலமானது ஒன்று: பளபளவென்று மின்னும் மஞ்சள் ஜாக்கெட் போட்டு, கையில் கிளிப் அட்டை வைத்துக்கொள், யாரும் உன்னைக் கண்டுகொள்ள மாட்டார்கள்.

தயவுசெய்து சேலத்தில் இதைச் செய்யாதீர்கள்.

2018-இல் சென்னை–சேலம் எட்டு வழிச் சாலைக்கு அளவெடுத்தபோது நான் இந்த மாவட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தேன். 277 கிலோமீட்டர் ரோடு. தென்னையும் மஞ்சளும் நின்ற வயலில் காலையில் கல் நட்டார்கள்; பெண்கள் வயலில் விழுந்து அழுதார்கள்; நட்ட கல்லைச் சில இடங்களில் பிடுங்கிப் போட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், முறைப்படி மறுபடியும் தொடங்கலாம் என்று வழிவிட்டது. வழக்கு எப்படிப் போனாலும் அந்தப் பக்கத்து ஊர்களில் அந்தப் பயம் போகவில்லை. அந்த நாட்களில் தங்கச்சி வீட்டு மனையை அளக்கப் போன என்னையே, கருவியைக் காரிலிருந்து இறக்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். நான் கோபப்படவில்லை. எனக்கு அரை ஏக்கர் அந்த வரிசையில் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

ஆகவே குப்பனூர் வழியாக ஏற்காடு ஏறுகிற ரோட்டில், மஞ்சள் ஜாக்கெட்டும் கையில் ஜிபிஎஸ்ஸுமாக ஓர் ஆள் வரப்பில் நடந்தால், அவரை ஊரே கண்டுகொள்ளும். “நீங்க எந்த டிபார்ட்மென்ட்?” என்று கேட்டால் சமாளிப்பதற்காக “ஹைவேஸ்” என்றோ “பாரஸ்ட்” என்றோ வாயை விட்டுவிடவும் கூடாது. அரசு ஊழியர் என்று சொல்லி அந்தப் பேரில் எதையாவது செய்வது பாரதிய நியாய சன்ஹிதா 204-ஆம் பிரிவில் குற்றம். டப்பாவில் கையெழுத்துப் போடப் போய் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியதாகிவிடும்.

நான் செய்வது இதற்கு நேர் எதிர். அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே போய்ச் சொல்லிவிடுவேன். பக்கத்தில் டீக்கடை இருந்தால் முதலில் அங்கே ஒரு டீ. எஸ்டேட் ஓரம் என்றால் வாட்ச்மேனைத் தேடிப் போய் ஒரு வணக்கம். வண்டியைக் கண்ணில் படும்படி நிறுத்துவேன், ஹெல்மெட்டைக் கழற்றிவிடுவேன், கறுப்புக் கண்ணாடியையும். “ஐயா, நான் சேலம்தான், இன்ன இடம்” என்று ஊரைச் சொல்வேன். இங்கே பேரை விட ஊர்தான் முக்கியம். அப்புறம்தான் விஷயம்.

முதல் தடவை இதை விளக்கியபோது தோற்றுப் போனேன். பெரியவர் ஒருவர், அறுபத்தைந்து எழுபது இருக்கும், மிளகுக் கொடிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

“டப்பாவுக்குள்ள என்ன தம்பி இருக்கும்?”

“ஒரு பேப்பர் இருக்குங்க ஐயா. பேர் எழுதிட்டு அங்கேயே வச்சிரணும்.”

“கண்டுபிடிச்சா என்ன குடுப்பாங்க?”

“ஒண்ணும் குடுக்க மாட்டாங்க.”

அவர் கயிற்றைக் கீழே வைத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். ஒன்றும் கிடைக்காத காரியத்துக்குப் பெட்ரோல் போட்டுக்கொண்டு எவன் மலை ஏறுவான்? நான் உண்மையைச் சொல்லச் சொல்ல அவருக்குச் சந்தேகம் கூடியதுதான் மிச்சம். அப்போது சட்டென்று வாயில் வந்தது: “சின்ன வயசுல மண்ணைக் கூட்டிக் குச்சியை ஒளிச்சு கிச்சுக் கிச்சுத் தாம்பாளம் ஆடுவோமே, அதேதாங்க. மணலுக்குப் பதிலா மலை, அவ்வளவுதான்.” பெரியவர் சிரித்துவிட்டார். “வேலை வெட்டி இல்லாதவங்க” என்று ஒரு சான்றிதழ் கொடுத்துவிட்டு, என்னோடு சேர்ந்து தேடவும் ஆரம்பித்தார். அன்றிலிருந்து நான் இந்த வழியாகத்தான் சொல்கிறேன். செயற்கைக்கோள் பற்றிப் பேச ஆரம்பித்தால் காரியம் கெடும்.

சேர்ந்து தேடவிட்டால் இடம் தெரிந்துபோகுமே, டப்பா காணாமல் போகாதா என்று அக்கா மகன் கேட்டான். போகலாம், சில போயும் இருக்கின்றன. ஆனால் ஒளிந்து ஒளிந்து எடுத்த டப்பாதான், “அங்க என்னமோ வச்சிட்டுப் போனாங்க” என்று அடுத்த அரை மணியில் குப்பைக்குப் போகிறது. விஷயம் தெரிந்தவர் அதைத் தொடுவதில்லை.

புதையல் பயம் தனி. இதை நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. பழைய நடுகல், அய்யனார் கோயில், மலை மேல் தனியாக நிற்கும் மண்டபம், இவற்றின் பக்கத்தில் வெளியூர் ஆட்கள் கருவியோடு எதையாவது துழாவினால் நம் ஆட்கள் முதலில் நினைப்பது புதையல், அடுத்தது சிலைத் திருட்டு. இரிடியம், அரிசியை இழுக்கும் ‘ரைஸ் புல்லிங்’ கலசம் என்று ஏமாற்றித் திரியும் கும்பல் கதைகளும் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் தேடுவதோ உண்மையாகவே ஒளித்து வைத்த ஒரு பெட்டி! அதனால் ‘புதையல் வேட்டை’ என்ற சொல்லை எங்கேயும் பயன்படுத்தாதீர்கள். ஆங்கிலத்தில் அது செல்லமான சொல், இங்கே 1878-ஆம் வருடத்துச் சட்டமே இருக்கிறது. மண்ணுக்குள் கிடைத்த பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிற சட்டம். கடப்பாரை, மண்வெட்டி, கையளவுக் கொத்துக்கூட எடுத்துப் போகாதீர்கள். டப்பாவைப் புதைத்து வைக்கக் கூடாது என்பது இந்த ஆட்டத்தின் விதியும்கூட. கோயில் எல்லைக்குள் டப்பா இருந்தால் நான் தேடுவதே இல்லை. சேர்வராயன் கோயில் குகைப் பக்கம் போனால் சாமியைக் கும்பிட்டு வருகிறேன், போன் பையில்தான் இருக்கும்.

பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு வேண்டும். டப்பாவுக்குள் மாற்றிக்கொள்ள ஸ்டிக்கர், பொம்மை கார் என்று வைத்திருப்பார்கள். வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைக்கு ஒன்றை எடுத்துக் கொடுக்க மனம் வரும். கொடுக்காதீர்கள். 2018 மே மாதம், பிள்ளை பிடிப்பவர்கள் சுற்றுகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி ஓடிய நேரத்தில், திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வழி கேட்டு நின்ற சென்னைக் குடும்பத்தைக் கூட்டம் அடித்தது. அறுபத்தைந்து வயதுப் பாட்டி இறந்தே போனார். பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்ததுதான் அவர்கள் செய்தது. பிள்ளைகள் சூழ்ந்துகொண்டால் தேடலை அப்படியே நிறுத்திவிட்டு, பெரியவர்கள் இருக்கும் இடத்துக்கு நடந்துபோய் அவர்களிடம் பேசுங்கள். பள்ளிக்கூட மதில் பக்கம் உள்ளதை விட்டே விடுங்கள்.

போனைப் பிடிக்கும் விதமும் ஒன்று. அம்புக்குறிக்காக நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்தால் எதிரில் இருப்பவருக்கு அது கேமரா. ஏற்காட்டுக் காட்சிமுனைகளில் ஜோடிகள் உட்கார்ந்திருப்பார்கள், அருவிப் பக்கம் பெண்கள் குளிப்பார்கள். 1830-களில் ஜார்ஜ் எவரெஸ்ட் தலைமையில் நாட்டை அளந்த சர்வேக்காக வடக்கே கோபுரங்கள் கட்டியபோதே, உச்சியிலிருந்து தொலைநோக்கியில் அந்தப்புரத்தைப் பார்க்கிறார்கள் என்று எதிர்ப்பு எழுந்தது. எங்கள் தொழிலுக்கு இது பழைய பழி. நான் இன்றும் குடியிருப்புப் பக்கம் லென்ஸைத் திருப்பும் முன் ஒரு குரல் கொடுத்துவிடுவேன். நீங்கள் போனைத் தரையைப் பார்க்கப் படுக்கையாகப் பிடியுங்கள். யாராவது “படம் எடுத்தியா?” என்று கேட்டால் வாதாடாமல் திரையைக் காட்டிவிடுங்கள்.

போலீஸ்காரர் வந்தால் நல்லது என்றுதான் சொல்வேன். கையைப் பையிலிருந்து வெளியே எடுத்து வைத்து, இருப்பதை இருப்பதாகச் சொல்லுங்கள். புதரிலிருந்து சின்ன பொட்டலத்தை எடுக்கும் இளைஞனை அவர் கஞ்சா என்று நினைப்பதில் தப்பே இல்லை. அவர் கேட்டால் திறந்து காட்டுங்கள், நீங்களாக ஓடிப்போய்ப் பிரிக்க வேண்டாம். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் ஒரு கடை வாசலில் ஆட்டக்காரர் ஒருவர் டப்பாவோடு ஏதோ செய்ததைப் பார்த்தவர் தகவல் சொல்ல, தெருவைக் காலி செய்து, வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அந்த டப்பாவை வெடிக்க வைத்தார்கள். அது வெறும் விளையாட்டு டப்பா. எனவே டப்பா வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை: உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் டப்பாவாக வையுங்கள், ஒயர், டேப், பிவிசி பைப் எதுவும் வேண்டாம். மேலே பெரிய எழுத்தில் தமிழில், இது விளையாட்டுப் பெட்டி என்று எழுதி ஒட்டுங்கள். இதுவரை நான் பார்த்த எல்லாவற்றிலும் ஆங்கிலம்தான் இருந்தது. கண்டெடுக்கப் போகிற காட்டுக்காரருக்கு அதனால் என்ன பிரயோஜனம்?

எஸ்டேட்டும் காப்புக்காடும் அனுமதி இல்லாமல் நுழையக்கூடிய இடங்கள் இல்லை, இதில் பேச்சே வேண்டாம். சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் தோட்டத்துக்குள்ளேயே மேயும். “அந்தப் பக்கம் போகாதீங்க” என்று ஒருவர் சொன்னால் அது பெரும்பாலும் உங்களை விரட்டுவதற்காக இருக்காது.

சில சமயம் எதுவும் பலிக்காது. போன டிசம்பரில் மலை மேல் ஒரு திருப்பத்துக்கு (எந்தத் திருப்பம் என்று சொன்னால் அடுத்தவர் ஆட்டம் கெட்டுவிடும்) மூன்றாவது தடவையாகப் போனேன். டப்பா இருக்கும் சுவரின் மேலேயே ஓர் அம்மா கூடையை வைத்துக் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தார். முதல் தடவையே எல்லாவற்றையும் விளக்கமாகச் சொல்லியிருந்தேன். அவருக்குக் கொஞ்சமும் நம்பிக்கை வரவில்லை. “என் இடத்தை அளக்கத்தான் வர்றீங்க” என்று முடிவு கட்டிவிட்டார். மூன்றாவது தடவையும் அதே பார்வைதான். அவரை எழுந்திருக்கச் சொல்ல எனக்கு என்ன உரிமை? கால் கிலோ கொய்யா வாங்கிக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். மூன்று தடவைக்கு முக்கால் கிலோ ஆயிற்று. ஆப்பில் என் பேருக்கு நேரே ‘கிடைக்கவில்லை’ என்று மூன்று பதிவு இருக்கிறது.