சண்டை விதி மாறினால் கில்டு ஏன் கலைகிறது?

காரைக்குடி செக்காலையில் ஒருவர், தேவகோட்டையில் இரண்டு பேர், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன நாலாவது ஆள். செட்டிநாட்டுப் பக்கம் ஆன்லைன் விளையாட்டில் 'கில்டு' எனப்படும் நிலையான அணிகள் பலவும் இப்படித்தான் அமைகின்றன. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள் இரவு ஒன்பதரைக்கு ஒரு லாபியில், அதாவது ஆட்டம் தொடங்கும் முன் காத்திருக்கும் திரையில், கூடுகிறார்கள். ஒருநாள் அப்டேட் வருகிறது. அடிக்கும் முறையோ தடுக்கும் முறையோ மாறுகிறது. கொஞ்ச நாளில் அந்த லாபி வெறிச்சோடிவிடுகிறது. கேட்டால், "கேம் முன்ன மாதிரி இல்லடா" என்பார்கள். ஆனால் புது முறை பிடிக்காமல் போனது நான்கு பேரில் ஒருவருக்கு மட்டும் என்றுகூட இருக்கலாம். அவர் விட்டதால் மற்ற மூவரும் விட்டிருப்பார்கள்.

சண்டை முறையைப் பற்றிய விவாதம் எப்போதும் நல்லதா கெட்டதா என்பதிலேயே சுற்றுகிறது. சமூகம் உடைவதைப் புரிந்துகொள்ள வேறு கணக்கு வேண்டும். யார் முதலில் போகிறார், அவர் போனால் எத்தனை பேருடைய மாலைப்பொழுது வீணாகிறது என்று பார்க்க வேண்டும்.

500 மில்லிநொடியில் நடப்பவை

வரும் வெட்டைச் சரியான கணத்தில் தட்டிவிடும் 'பேரி' முறையை எடுத்துக்கொள்வோம். எதிராளி வாளை ஓங்கி 500 மில்லிநொடி கழித்து வெட்டு விழுகிறது. விழுவதற்கு முந்தைய 200 மில்லிநொடிக்குள் உங்கள் தடுப்பு, விளையாட்டை நடத்தும் மையக் கணினியான சர்வரை அடைந்திருக்க வேண்டும். அதாவது 300-க்கும் 500-க்கும் நடுவில். கேட்பதற்குத் தாராளமான அவகாசமாகத்தான் இருக்கிறது.

பிங் (செய்தி சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 80 மில்லிநொடி உள்ளவரைப் பாருங்கள். வாள் ஓங்கிய செய்தி அவர் போனுக்கு வர 40 மில்லிநொடி. திரையும் தொடுதலும் சேர்ந்து எடுக்கும் தாமதம் 60. கண் பார்த்து விரல் அசைய 250. அழுத்திய செய்தி சர்வருக்குத் திரும்ப 40. மொத்தம் 390. சர்வர் நொடிக்கு 20 தடவை மட்டுமே கணக்குப் பார்ப்பதாக இருந்தால் இன்னும் 50 வரை கூடலாம். அப்போதும் 440, தப்பித்துவிடுகிறார். பிங் 180-உம் பழைய போனும் உள்ளவருக்கு 90, 100, 250, 90. மொத்தம் 530. அவர் எவ்வளவு பழகினாலும் பார்த்துத் தடுக்க முடியாது. முன்கூட்டியே ஊகித்துத்தான் அழுத்த வேண்டும்.

தூரத்தைக் குறைக்கவும் வழியில்லை. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. ஓடுகிறது. காரைக்குடியிலிருந்து சிங்கப்பூர் நேர்க்கோட்டில் சுமார் 2,900 கி.மீ. போய்த் திரும்ப 29 மில்லிநொடி இயற்கை விதித்த குறைந்தபட்சம். கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் ரூட்டர்கள் வேறு. நிஜ பிங் அதைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

சராசரி பிங்கைவிட மோசமானது அதன் ஏற்ற இறக்கம். நிலையாக 120 இருந்தால் கை அதற்குப் பழகிவிடும். 50-க்கும் 200-க்கும் இடையே ஆடினால் பழக எதுவுமில்லை. நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இது தினப்படி நடக்கிறது. ரூட்டர் முகப்பில் இருக்கும், ஆடுபவர் இரண்டாங்கட்டில் இருப்பார். நடுவில் செங்கலும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய கனத்த சுவர்கள். வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலை அவற்றைத் தாண்டத் திணறுகிறது. போன் 2.4-க்கு இறங்கும், தொலைந்த தரவுத் துண்டுகள் மறுபடி அனுப்பப்படும், பிங் தாறுமாறாகத் துள்ளும். வைஃபை ரிப்பீட்டர் வாங்கி நடுவில் மாட்டுவது பெரும்பாலும் தாமதத்தைக் கூட்டவே செய்கிறது. முகப்பிலிருந்து இரண்டாங்கட்டுக்கு ஒரு லேன் கேபிள் இழுத்து அங்கே தனி வைஃபை ஆக்சஸ் பாயின்ட் வைப்பதுதான் சரியான வழி.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. துப்பாக்கி விளையாட்டில், சுட்டவர் திரையில் குறி எங்கே இருந்தது என்று சர்வர் காலத்தைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறது. சுவருக்குப் பின்னால் ஒளிந்த பிறகும் செத்துப்போவது அதனால்தான். பேரி முறையிலோ வெட்டியவர் திரையில் வெட்டு விழுந்திருக்கும், தடுத்தவர் திரையில் தடுப்பும் விழுந்திருக்கும். சர்வர் இருவரில் ஒருவரின் கண்ணைப் பொய்யாக்கியே தீர வேண்டும். அந்த ஒருவர் எப்போதும் மோசமான இணைப்பு உள்ளவராகவே இருந்தால், அவர் அதைத் தன் திறமைக் குறைவு என்று எண்ணுவதில்லை. ஏமாற்று என்றே எண்ணுகிறார். அணிக்குள் சண்டை அங்கே தொடங்குகிறது.

ரூன்ஸ்கேப்பில் நடந்தது

இதற்கு நேர் எதிரான அமைப்பு ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டின் பழைய பதிப்பு. அதன் சர்வர் 0.6 நொடிக்கு ஒரு முறைதான் துடிக்கும், அதாவது கணக்குப் பார்க்கும். 80 பிங்கும் 180 பிங்கும் பெரும்பாலும் ஒரே துடிப்புக்குள் அடங்கிவிடும். எதிரியைக் கிளிக் செய்தால் போதும், பாத்திரம் தானே அடித்துக்கொண்டிருக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் சலிப்பூட்டும் சண்டை. ஆனால் இரண்டு கைகளும் மிச்சமாகும். அந்தக் கைகள்தான் அரட்டையில் தட்டச்சு செய்தன, புதியவர்களுக்கு வழி சொன்னன, கில்டு விவகாரங்களைப் பேசித் தீர்த்தன. அந்த விளையாட்டின் சமூகம் வளர்ந்தது சண்டையின் இடைவெளிகளில்.

2012 நவம்பர் 20 அன்று அதை நடத்தும் ஜாகெக்ஸ் நிறுவனம் 'எவல்யூஷன் ஆஃப் காம்பாட்' என்ற மாற்றத்தை இறக்கியது. திரையில் திறன் பட்டை வந்தது. சிறு திறன்களைப் பயன்படுத்தி 'அட்ரினலின்' என்ற அளவை ஏற்ற வேண்டும், அது 50 சதவீதத்தைத் தொட்டால் அடுத்த வகைத் திறன், 100-ஐத் தொட்டால் உச்சத் திறன். ஒரு திறனுக்கும் அடுத்ததற்கும் 1.8 நொடி இடைவெளி. வடிவமைப்பு என்ற அளவில் இது ஆழமான முறைதான். புதிதாக வருபவருக்கு அது பிடித்தும் இருக்கலாம். ஆனால் 0.6 நொடித் துடிப்புக்குள் ஆயுதம் மாற்றிச் சிறப்பு அடி கொடுக்கப் பழகியவர்களின் வித்தை ஒரே நாளில் செல்லாக்காசானது. கைகளுக்கும் ஓய்வு போயிற்று.

இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் 1979-இல் காட்டினார்கள். விளையாட்டில் அது இன்னும் கூர்மையாக விழுகிறது. பணம் போனால் மறுபடி சேர்க்கலாம். விரலில் ஏறிய பழக்கம் பயனற்றுப் போனால், அடுத்த விதியும் இப்படித்தானே போகும் என்ற எண்ணம் வந்துவிடும். பிறகு எதையும் ஊன்றிக் கற்க மனம் வராது.

2013 பிப்ரவரியில் பழைய பதிப்பைத் திறக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. ஏறத்தாழ 4.5 லட்சம் வாக்குகள் விழுந்தன. பிப்ரவரி 22 அன்று, 2007 ஆகஸ்ட் மாத நிலையில் 'ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப்' திறக்கப்பட்டது. அதில் எல்லோரும் முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. பல வருடச் சேமிப்பை விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். சேர்த்த பொருளைவிடப் பழகிய சண்டை முறையையும் பழகிய கூட்டத்தையும் பெரிதாக மதித்தார்கள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. புதிய பதிப்பில் பழைய பாணிச் சண்டையை ஒரு விருப்பத் தேர்வாக 2014 ஜூலையில் சேர்த்தார்கள். அதற்குள் கூட்டம் இரண்டாகிவிட்டது. இன்று ஓல்டு ஸ்கூல்தான் பெரியது. அங்கே புதிய அம்சங்களைப் பெரும்பாலும் வீரர்களின் வாக்குக்கு விடுகிறார்கள். முதலில் 75 சதவீத ஆதரவு தேவைப்பட்டது, 2022-இல் அதை 70 ஆக்கினார்கள்.

ஸ்டார் வார்ஸ் கேலக்ஸீஸ் என்ற ஆன்லைன் விளையாட்டுக்கு அந்த மறுவாழ்வு கிடைக்கவில்லை. 2005 நவம்பரில் அதன் சண்டை, குறியைத் தேர்ந்து கட்டளையிடும் முறையிலிருந்து நேரே குறிபார்த்துச் சுடும் முறைக்கு மாறியது. 34 தொழில்கள் 9 ஆகச் சுருங்கின. விலங்கு பழக்குபவர் போன்ற தொழில்களே இல்லாமல் போயின. அந்த உலகத்தின் ஆயுதங்களையும் உடைகளையும் செய்தவர்கள் பெரும்பாலும் வீரர்களே. சண்டை மாறியதும் அவர்களின் சரக்குக்கு மதிப்புப் போயிற்று. வீரர்கள் கட்டிய ஊர்களின் தரம், குடியிருப்பவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆட்கள் போகப் போக ஊர்களும் வசதிகளை இழந்தன. வாளே தூக்காத வியாபாரியையும் அந்தச் சண்டை விதி வெளியேற்றியது. 2011 டிசம்பர் 15-இல் விளையாட்டு மூடப்பட்டது.

மூன்று பேர் போனால்

12 பேர் கொண்ட கில்டு. பெரிய எதிரியை வீழ்த்த 8 பேர் வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு மாலையில் வருவதற்கான வாய்ப்பு 75 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 8 பேராவது சேரும் வாய்ப்பு 84 சதவீதம். இரண்டு பேர் விலகினால் அது 53-க்கு இறங்குகிறது. மூன்றாமவரும் போனால் 30. கால்வாசிப் பேர் போனதற்கு, ஆடக்கூடிய மாலைகள் முன்பிருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல் என்றாகிவிடுகின்றன. மீதி 9 பேருக்குப் புது முறை பிடித்தே இருந்தாலும் பயனில்லை. வந்து காத்திருந்து திரும்பிப் போவார்கள். வடமஞ்சுவிரட்டில் ஒரு காளைக்கு 9 பேர் இறங்குகிறார்கள். அதில் இரண்டு பேர் வராவிட்டால் மிச்சமுள்ள ஏழு பேரின் தேர்ச்சி குறையவில்லை, ஆனால் காளையைச் சுற்றி வளைக்க ஆள் போதாது.

முதலில் போகும் அந்த மூன்று பேர் யார் என்பதும் முக்கியம். பழைய முறையில் தேர்ந்தவர்களுக்கே இழப்பு அதிகம். நேரம் குறித்து ஆட்களைக் கூப்பிடுபவரும், புதியவர்களுக்குச் சொல்லித்தருபவரும் பெரும்பாலும் அவர்களில்தான் இருக்கிறார்கள். அவர்கள் போனால் மற்றவர்களின் 75 சதவீதமும் நிலைக்காது.

கில்டு இல்லாமல் தனியாக ஆடுபவருக்கு அடி வேறு பக்கத்திலிருந்து வருகிறது. நிமிடத்துக்கு 50 பேர் ஆட்டம் தேடுகிறார்கள், 3 வகை ஆட்டம், 5 ரேங்க் அடுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 கூடைகள். ஒரு கூடைக்கு நிமிடத்துக்கு 3.3 பேர். 10 பேர் சேர 3 நிமிடம். 40 சதவீதம் பேர் போய்விட்டால் 5 நிமிடம். காத்திருப்பு நீளாமல் இருக்க, எதிராளிகளைச் சேர்த்துவிடும் மேட்ச்மேக்கிங் ரேங்க் வரம்பைத் தளர்த்தும். கோல்டு அடுக்கில் இருப்பவர் அதற்கு மேலே டைமண்ட் அடுக்கில் இருப்பவரிடம் அடிவாங்குவார், அவரும் போவார். சரி, பழைய முறையையும் தனியாகத் திறந்து வைக்கலாமே என்றால் கூடைகள் 30 ஆகி, காத்திருப்பு 10 நிமிடமாகிறது. ஃபோர்ட்நைட் 2022-இல் கட்டடம் கட்டாத ஆட்டத்தைத் தனி வகையாகப் பிரித்தும் தாங்கியதற்கு அதன் பெருங்கூட்டம் துணை நின்றது. சிறிய விளையாட்டு அதைப் பின்பற்றினால் இரண்டு பக்கமும் காலியாகும்.

தற்செயலைச் சண்டைக்குள் புகுத்துவதும் ஆபத்தானது. 2008-இல் வந்த சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் பிரால் என்ற சண்டை விளையாட்டில், ஓடத் தொடங்கும்போது பாத்திரம் சுமார் 1 சதவீத வாய்ப்பில் தடுக்கி விழும். ஒரு ஆட்டத்தில் 100 முறை ஓடினால் ஒரு தடவையாவது விழும் வாய்ப்பு 63 சதவீதம். அதிலிருந்து கற்றுக்கொள்ள எதுவுமில்லை. போட்டி வீரர்கள் பலர் அதே தொடரில் 2001-இல் வந்த மெலீயை விட்டு அசையவே இல்லை. 2014-இல் வந்த அடுத்த பதிப்பில் தற்செயலாகத் தடுக்கி விழுவது நீக்கப்பட்டது.

மாற்றத்தை இறக்கும் முன்

அழகப்பர் கல்லூரிகளில் படித்துவிட்டு மல்டிபிளேயர் விளையாட்டு எழுத நினைப்பவர்களுக்கு இந்தப் பகுதி. புது முறையை எல்லோருக்கும் ஒரே நாளில் இறக்காதீர்கள். சர்வரில் ஒரு சுவிட்சுக்குப் பின்னால் வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் திறந்து பாருங்கள். இங்கே பலர் தவறுவது, ஆட்களைத் தனித்தனியாகக் குலுக்கிப் பிரிப்பதில். ஒரே கில்டில் பாதிப் பேருக்குப் புதியது, பாதிப் பேருக்குப் பழையது என்றால் யார் எதனால் விட்டார் என்று பிரித்தறிய முடியாது. கில்டு கில்டாகப் பிரிக்க வேண்டும். அதற்கு விலை உண்டு. 1,000 தனி ஆட்களில் 40 சதவீதம் பேர் நிலைத்தால் பிழை வரம்பு கூடக் குறைய 3 சதவீதப் புள்ளி. 12 பேர் கில்டுகளாகப் பிரித்து, ஒரே கில்டுக்காரர்களின் போக்கு 0.1 அளவுக்கு (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுக்க ஒன்றே) ஒத்திருந்தால், அதே துல்லியத்துக்கு 2,100 பேர் தேவை.

முதல் வார எண்ணை நம்பாதீர்கள். புதுமைக்காகவே வருபவர்கள் அதை உயர்த்திக் காட்டுவார்கள். முப்பதாவது நாளில் யார் இருக்கிறார் என்று பாருங்கள். தனி ஆள் எண்ணிக்கையைவிட, எத்தனை கில்டுகள் வாரத்தில் ஒரு முறையாவது முழு ஆளோடு இறங்கின என்பது முன்னதாகவே ஆபத்தைச் சொல்லும். ரேங்க் வாரியாகக் காத்திருப்பு நேரத்தின் நடுமதிப்பையும் பிங் வாரியாகத் தடுப்பு வெற்றி விகிதத்தையும் தனித்தனியே எடுங்கள். 60 பிங்கில் பாதி தடுப்புகள் வெற்றி, 160 பிங்கில் பத்தில் ஒன்று என்று வந்தால் அந்த 200 மில்லிநொடிச் சாளரத்தைத் திருத்த வேண்டும், அல்லது ஓங்கும் நேரத்தை 700-க்கு நீட்ட வேண்டும்.

திரும்பப் பெறுவதென்றால் விரைவாகப் பெறுங்கள். கலைந்த கில்டு வெறுமனே உட்கார்ந்திருக்காது, வேறொரு விளையாட்டில் மொத்தமாகக் குடியேறிவிடும். ரூன்ஸ்கேப் பழைய நிலைக்குத் திரும்ப முடிந்ததற்கு 2007 ஆகஸ்ட் பேக்கப் கைவசம் இருந்தது பெரிய காரணம். கிளையன்ட் (வீரரின் கருவியில் ஓடும் நிரல்), சர்வர், டேட்டாபேஸ் மூன்றும் ஒரே தேதியில் எடுத்த நகல்களாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் பழையதாக இருந்தால் மற்ற இரண்டோடு பொருந்தாது. வேறொரு கணினியில் அந்த நகலை ஏற்றி உள்ளே நுழைந்து ஒரு சண்டையாவது போட்டுப் பாருங்கள். கில்டுகளின் பெயர், உறுப்பினர் பட்டியல், பதவிகள் அதில் இருக்கின்றனவா என்பதைத் தனியே சரிபாருங்கள். ஆயுதம் திரும்பி வந்து பட்டியல் வராவிட்டால், வருபவர் தனி ஆளாகத்தான் நுழைய வேண்டியிருக்கும்.