விலாவிலிருந்து வந்த மூக்கு

"டாக்டரையா, மூக்கு இடப்பக்கம் சாய்கிறது" என்றார் அந்த அம்மா. கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கப் போனபோது கரடி தாக்கி மூக்கை இழந்தவர். நெற்றித் தோலை இறக்கி, விலாக் குருத்தெலும்பை உள்ளே தாங்கலாக வைத்து மூக்கை அமைத்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. சாய்வு நான்காம் மாதமே தெரிந்ததாம். மூக்கு கிடைத்ததே பெரிது, இதற்காக மலையிறங்குவதா என்று இருந்துவிட்டார். அதற்கு நானும் காரணம். உள்ளே வைத்த துண்டு நாளடைவில் மாறக்கூடும் என்பதைத் தையல் பிரித்த அன்று நான் அழுத்திச் சொல்லவில்லை.

குருத்தெலும்புக்குள் ரத்தக் குழாய் கிடையாது. சுற்றியுள்ள திசுவிலிருந்து ஊறிவரும் சத்தே அதற்குப் போதும். இடம் மாற்றினாலும் அது பிழைப்பது அதனால்தான். ஆனால் அதன் வெளி அடுக்கு எப்போதும் இழுவிசையோடு இருக்கிறது. ஒருபக்கம் மட்டும் சீவினால், சீவாத பக்கம் இழுத்துத் துண்டு வளைந்துவிடும். பச்சைப் பலகை காயும்போது கோணுவதைத் தச்சர்கள் அறிவார்கள், ஏறக்குறைய அப்படித்தான். இருபுறமும் சமமாகச் சீவ வேண்டும் என்பதை கிப்சன், டேவிஸ் என்ற இருவர் 1958இல் விளக்கினார்கள். செதுக்கிய துண்டை உப்புநீரில் அரைமணி நேரம் போட்டு, வளைகிறதா என்று பார்த்தே பொருத்துகிறோம். அப்படியும் சில துண்டுகள் மாதங்கள் கழித்துக் கோணும். இளையவர்களிடம் இது அதிகம். வயதானவர்களின் குருத்தெலும்பில் சுண்ணாம்பு படிந்திருக்கும். வளைவது குறைவு, செதுக்கும்போது உடையும்.

சொந்தக் குருத்தெலும்பு பெரும்பாலும் கரையாது. கிருமித் தொற்று வந்தால் கரையும். ஆகவே சிவப்பு, வலி, சீழ், காய்ச்சல் இருந்தால் அன்றே வாருங்கள். மெல்லச் சாய்வதாகத் தோன்றினால் மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்துக் கொண்டுவாருங்கள். வீக்கம் முழுதாக வடிய ஓராண்டு ஆகும் என்பதால், வீக்கம் மறைத்திருந்த விளிம்பு பின்னர் தெரிவதும் உண்டு.

ஊட்டிப் பனியில் மூக்கு வளையுமா என்று பலர் கேட்கிறார்கள். வளையாது. எனக்குக் கவலை நெருப்பைப் பற்றித்தான். நெற்றியிலிருந்து வந்த தோலுக்கு நெடுநாள் உணர்ச்சி குறைவாக இருக்கும். குளிருக்கு அடுப்பருகே முகத்தை நீட்டினாலும், சளிக்கு ஆவி பிடித்தாலும், சுடுவது தெரியாமலே வெந்துபோகும்.

அந்த அம்மாவுக்கு வளைந்த துண்டை எடுத்துச் சீராக்கி வைத்தோம். மூக்குத்தி போடலாமா என்று கேட்டார். புது மூக்கில் துளையிட வேண்டாம், துளை வழியே தொற்று குருத்தெலும்பை எட்டிவிடும் என்றேன். ஒட்டுகிற மூக்குத்தி போடலாமா என்றார். தோல் நன்றாக ஆறிய பிறகு போடலாம், இரவில் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.