ஜீன் ரிப்போர்ட்டைப் பார்த்து வைட்டமின் வாங்காதீர்கள்

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்துச் சில மாதங்களே ஆன ஒருவர் ஓ.பி.யில் ஒரு ஃபைலை நீட்டினார். எச்சில் மாதிரி அனுப்பி எடுத்த ஜீன் பரிசோதனை அறிக்கை. ஃபோலிக் ஆசிட்டை உடம்பு பயன்படுத்த உதவும் எம்டிஹெச்எஃப்ஆர் என்ற மரபணுவின் வரி சிவப்பு எழுத்தில் இருந்தது. கூடவே ஒரு பை நிறைய ஃபோலிக் ஆசிட், பி காம்ப்ளெக்ஸ், பச்சை நிற வைட்டமின் ஈ கேப்சூல். நான் எழுதிக் கொடுத்த கொலஸ்ட்ரால் மாத்திரை மட்டும் இல்லை. "அது மருந்து டாக்டர், இது என் ஜீனுக்கு ஏத்த சத்து" என்றார். இதே பேச்சை அடிக்கடி கேட்க வேண்டியிருப்பதால்தான் எழுதுகிறேன்.

வைட்டமின் எல்லோர் உடம்பிலும் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை என்பது உண்மைதான். ஹேப்டோகுளோபின் என்ற ரத்தப் புரதத்தின் மரபணுவில் 1-1, 2-1, 2-2 என்று மூன்று வகை உண்டு. இந்தியர்களில் பலருக்கு 2-2. சர்க்கரை நோயும் 2-2 வகையும் சேர்ந்து இருந்தவர்களுக்கு இஸ்ரேலில் தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள். 2008-இல் வெளியான முடிவில், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் மூன்றும் சேர்த்து 4.7 சதவீதத்திலிருந்து 2.2 ஆகக் குறைந்திருந்தது. இதை மட்டும் படித்துவிட்டுத்தான் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடுகிறார்கள்.

இன்னொரு ஆய்வையும் படியுங்கள். இதயக் குழாய் அடைப்பு இருந்த, மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வைட்டமின் ஈயோடு வைட்டமின் சி-யும் கொடுத்தார்கள். சர்க்கரையும் அதே 2-2 வகையும் இருந்தவர்களுக்குக் குழாய் இன்னும் வேகமாகச் சுருங்கியது. 1-1 வகையினருக்கு நன்மை தெரிந்தது. நீங்கள் வாங்கும் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' டப்பாவில் பெரும்பாலும் ஈ, சி இரண்டுமே இருக்கும். ஜீன் பார்க்காமல் ஆயிரக்கணக்கான இதய நோயாளிகளுக்கு வைட்டமின் ஈ கொடுத்த 'ஹோப்' ஆய்வில் மாரடைப்பு குறையவே இல்லை. அதைத் தொடர்ந்து நீட்டித்தபோது இதயச் செயலிழப்பு அதிகமானதுதான் மிச்சம்.

எம்டிஹெச்எஃப்ஆர் மாற்றம் இருந்தால், மாரடைப்போடு தொடர்புபடுத்தப்படும் ஹோமோசிஸ்டீன் என்ற பொருள் ரத்தத்தில் சற்றுக் கூடும், ஃபோலிக் ஆசிட் சாப்பிட்டால் குறையும். ஆனால் 'ஹோப்-2' ஆய்வில் ஹோமோசிஸ்டீன் குறைந்தும் மாரடைப்பு குறையவில்லை. நம் ஊரில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்கும், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஹோமோசிஸ்டீன் ஏறினால் நான் முதலில் தேடுவது பி12 குறைவைத்தான். அதைப் பார்க்காமல் ஃபோலிக் ஆசிட்டை அள்ளிப் போட்டால் ரத்தசோகை மறைந்துபோகும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும்.

"சத்து மாத்திரைதானே, நல்லது செய்யாவிட்டாலும் கெடுதல் செய்யாதே?" என்னை மிகவும் வருத்தும் கேள்வி இதுதான். உடம்பில் வேலை செய்யும் எந்தப் பொருளுக்கும் அளவு உண்டு, அளவு மீறினால் விளைவு உண்டு. கீரையிலும் நிலக்கடலையிலும் வருவது வேறு. நாள் தேவையைப் போல் பத்து, இருபது மடங்கை ஒரு கேப்சூலில் விழுங்குவது வேறு. ரத்தம் கட்டாமலிருக்க ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் சாப்பிடுகிறவர் அதிக அளவு வைட்டமின் ஈயையும் சேர்த்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். நன்மை செய்யும் ஜீன் வகை ஒன்று இருந்தால், கெடுதல் செய்யும் வகையும் இருக்கும்.

ஆகவே, ஸ்டென்ட் வைத்தவர்கள் ஜீன் ரிப்போர்ட்டை நம்பி ஒரு மாத்திரையைக்கூட நிறுத்தக் கூடாது. கொலஸ்ட்ரால் மாத்திரையால் தசை வலி என்றால் சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். வைட்டமின் வேண்டுமா என்று தெரிய பி12, வைட்டமின் டி அளவைப் பாருங்கள். குறைவாக இருந்தால் நாங்களே எழுதித் தருவோம். செக்கப்புக்கு வரும்போது ஆன்லைனில் வாங்கிய டப்பாக்களையும் கொண்டுவாருங்கள். திட்ட மாட்டேன்.

செயற்கை வால்வு பொருத்தி, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரினோ அசிட்ரோமோ எடுப்பவர்கள் தயவுசெய்து கூடுதல் கவனமாக இருங்கள். விகேஓஆர்சி1 மரபணு வகையைப் பொறுத்து, ஒருவருக்குப் போதுமான டோஸ் இன்னொருவருக்கு அதிகமாகிவிடும். அப்படி நிதானமாகச் சரிசெய்த டோஸை, மல்டிவைட்டமினில் இருக்கும் வைட்டமின் கே கலைத்துவிடும். டப்பாவின் பின்புறம் படியுங்கள். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் நீங்களாகத் திடீரென்று நிறுத்தவும் வேண்டாம். ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் பரிசோதனை எடுத்துக்கொண்டு இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.