லூதியர்: தயாரிப்பாளர் அல்ல, தச்சர்

‘புகழ்பெற்ற கிட்டார் தயாரிப்பாளர் அந்தோனியோ டி டோரஸ்’ என்று இன்னொரு வசனவரி (சப்டைட்டில்) வந்துவிட்டது. ‘லூதியர்’ (luthier) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படி ஆக்கியிருக்கிறார்கள். தமிழில் தயாரிப்பாளர் என்றால் படத்துக்குப் பணம் போடுகிறவர். டோரஸ் (1817–1892) இழைப்புளி பிடித்தவர்.

லூதியருக்கு மூலம் பிரெஞ்சு. ‘லூத்’ என்ற நரம்புக்கருவியைச் செய்பவர் ‘லூதியே’. லூத் அரபியின் ‘அல் ஊத்’. ஊத் என்றால் மரம். இன்று வயலின், கிட்டார் செய்பவர் எல்லாருக்கும் பொதுப்பெயர். ஸ்பானியத்தில் கிட்டாருக்குத் தனியாக ‘கிட்டாரேரோ’ உண்டு.

லூத்தை யாழாக்கி ‘யாழ்வினைஞர்’ என்று சொல் கட்டுவது இன்னும் மோசம். யாழில் மெட்டு, அதாவது கழுத்தின் குறுக்கே இருக்கும் கட்டை, கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம். லூத்திலும் கிட்டாரிலும் கழுத்து உண்டு, நரம்பை மெட்டில் அழுத்திச் சுரம் மாற்றுவோம். கருவியே வேறு. வினைஞர் என்பதோ எந்த வேலைக்காரருக்கும் ஒட்டும் சொல். தூய்மை இருக்கிறது, பொருள் எங்கே?

‘கிட்டார்த் தச்சர்’ போதும். தச்சர் என்றால் மதிப்புக் குறையுமாம்! புறநானூறு 87இல் ஔவை அதியமானை எதோடு ஒப்பிடுகிறார்? நாளுக்கு எட்டுத் தேர் செய்யும் தச்சன், ஒரு மாதம் மெனக்கெட்டுச் செய்த ஒற்றைச் சக்கரத்தோடு. டோரஸும் மரத்தச்சு பழகித்தான் கிட்டாருக்கு வந்தார். ஓசை முகப்பலகையில்தான் இருக்கிறது என்று காட்ட, 1862இல் ஒரு கிட்டாரின் பக்கத்தையும் முதுகையும் காகிதக்கூழ் அட்டையில் செய்து, முகத்துக்கு மட்டும் ஸ்ப்ரூஸ் மரப் பலகை வைத்தார். பலகையை மெல்லிசாக இழைத்து, உள்ளே ஏழு மரச்சட்டங்களை விசிறிபோல் ஒட்டுவது அவர் கைமுறை. பலகை தடித்தால் ஓசை அடைக்கும். அளவுக்கு மீறி இழைத்தால் நரம்புகளைத் தாங்கும் பாலத்தருகே வயிறு தள்ளும். 20ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் கிட்டார்த் தச்சர் ஹெர்மன் ஹவுசர் எடுத்துக்கொண்டதும் இந்த வழியைத்தான்.

இதையெல்லாம் ‘உட்புற வலுவூட்டல் கூறுகள்’ என்று எழுதுகிறார்கள் மொழிபெயர்ப்பாளர்கள். விசிறிச் சட்டம் என்றால் யாருக்குப் புரியாது? ஒட்டும் பசையைப் ‘பிசின்’ என்பதும் அரைகுறைதான். பழைய கருவிகளில் இருப்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் வச்சிரம். சூடும் ஈரமும் பட்டால் இளகும். அதனால்தான் 150 ஆண்டு கழித்தும் முதுகைக் கழற்றி, விட்டுப்போன சட்டத்தைத் திரும்ப ஒட்ட முடிகிறது. எபாக்சி என்ற செயற்கைப் பசை போட்ட கருவியில் உளியைத்தான் இறக்க வேண்டும். சட்டத்தோடு பலகையின் இழையும் உரிந்து வரும்.