ஆக்சென்ட்: ஒலிச்சாயலும் ஏறுதொனியும்

வெளிநாட்டு வேலைக்கு ஆயத்தமாகும் பிள்ளைகள் உள்ள கீழக்கரை வீடுகளில் 'ஆக்சென்ட்' என்ற சொல் அன்றாடம் புழங்குகிறது. "இங்கிலீஷ் தெரியுது, அவுக ஆக்சென்ட்தான் பிடிபட மாட்டேங்குது" என்பது கடல் கடந்து போன பிள்ளைகள் தொலைபேசியில் சொல்லும் வழக்கமான குறை. இச்சொல்லைத் தமிழில் எழுத நேர்ந்தால் ஒருவர் உச்சரிப்பு என்கிறார், ஒருவர் தொனி என்கிறார், இன்னொருவர் வட்டார வழக்கு என்கிறார். மூன்றும் முழுமையாகப் பொருந்தாமைக்குக் காரணம், அந்த ஆங்கிலச் சொல்லே பல பொருள்களை ஒரே மூட்டையாகக் கட்டிச் சுமப்பதுதான்.

அதன் மூலம் 'அக்சென்டுஸ்' என்னும் இலத்தீன் சொல். 'அத்' என்பது சேர்தலையும் 'காண்டுஸ்' என்பது பாட்டையும் குறிக்கும். கிரேக்கர் வழங்கிய 'ப்ரொசோடியா' என்ற சொல்லை உறுப்பு உறுப்பாக அப்படியே பெயர்த்து உரோமர் இதை ஆக்கிக்கொண்டனர். பழங்கிரேக்கத்தில் ஒவ்வொரு சொல்லிலும் ஓர் அசையின் சுருதி உயர்ந்து ஒலித்ததால், பேச்சோடு ஒட்டி வரும் பாட்டு என்ற பெயர் அதற்கு மிகவும் பொருந்தியது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தை அடைந்தபின் அசைக்குக் கொடுக்கும் அழுத்தம், எழுத்தின் தலையில் இடும் குறி, ஓர் ஊரார் பேசும் ஒலிமுறை என்று அதன் பொருள் விரிந்தது.

இவற்றுள் அழுத்தம் என்ற பொருளுக்குத் தமிழில் 'அசையழுத்தம்' என்ற சொல் ஏற்கெனவே இருப்பதால் அங்கே சிக்கல் எதுவும் இல்லை. ஃபோட்டோகிராஃப் என்பதில் முதலசையிலும் ஃபோட்டோகிராஃபர் என்பதில் இரண்டாம் அசையிலும் ஆங்கிலேயர் அழுத்துவார்கள். அழுத்தத்தால் பொருள் மாறாத தமிழில் வளர்ந்த நாம் இரண்டையும் ஒன்றுபோலவே சொல்லிவிட்டுப் போகிறோம்.

ஊரொலி என்ற பொருளில்தான் குழப்பம் மிகுதி. வட்டார வழக்கு என்பது சொல்லையும் இலக்கணத்தையும் சேர்த்துக் குறிப்பது. கீழக்கரையின் வாப்பாவும் உம்மாவும் அதில் அடங்கும். ஆனால் நாளிதழின் ஒரே செய்தியைக் கீழக்கரைக்காரர் ஒருவரும், முதுகுளத்தூர்க்காரர் ஒருவரும், மண்டபம் முகாமில் வாழும் ஈழத்தமிழர் ஒருவரும் உரக்க வாசித்தால், ஒரு சொல்லும் மாறாதபோதும் இன்னார் இந்த ஊர் என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். இலங்கை வானொலி கேட்டு வளர்ந்த இந்தக் கரையின் முதியவர்களுக்கு இது கைவந்த கலை. அப்படி மிஞ்சி நிற்கும் ஒலிவேறுபாடே ஆக்சென்ட். 'அவன் பேச்சில் சிங்கப்பூர் வாடை அடிக்கிறது' என்று நாம் சொல்வதுண்டு; எனினும் வாடை என்பதில் லேசான ஏளனம் இருக்கிறது, போதாக்குறைக்குக் கடற்கரையில் அது ஒரு காற்றின் பெயரும் கூட. 'அப்பா சாயல்' என்பதுபோல் பிறந்த இடத்தைக் காட்டிக்கொடுக்கும் 'சாயல்' நல்ல சொல். ஆகவே 'ஒலிச்சாயல்' என்பதே என் தேர்வு. ஒலிச்சாயல் இல்லாத பேச்சு என்று ஒன்று இல்லை என்பதையும் இச்சொல் உணர்த்திவிடும். இலண்டனில் படித்தவர் பேசுவதும் ஒரு சாயல்தான்.

இனி பேச்சின் இசை, அதாவது குரலின் ஏற்ற இறக்கம். இராமேசுவரம் அக்னி தீர்த்தக் கரையில் ஒருமுறை நியூசிலாந்துப் பெண்மணி ஒருவர் ஆட்டோ ஓட்டுநரிடம் "வீ கேம் ஃப்ரம் மதுரை திஸ் மார்னிங்" என்று சொல்லி, கடைசிச் சொல்லில் குரலை மேலே தூக்கி நிறுத்தினார். ஓட்டுநரோ, "மதுரை பஸ்ஸா? பஸ் ஸ்டாண்டுக்குப் போகணும்மா" என்று மேற்கே கை காட்டினார். அவர் மேல் பிழையில்லை. ஆங்கிலத்தில் சொல்வரிசையை மாற்றாமல் குரலை மட்டும் உயர்த்தினாலும் வினாவாகிவிடும் என்பது அவர் தொழிலில் கண்ட பாடம். 'ஆ ஏ ஓ அம்மூன்றும் வினா' என்று தொல்காப்பியம் எழுத்தையே வினாவுக்கு உறுப்பாக்கிவிட்டதால், 'வந்தாரா' என்பதை நாம் எவ்வளவு தாழ்ந்த குரலில் சொன்னாலும் அது வினாவே. இந்தப் பிடிமானம் ஆங்கிலத்தில் இல்லாததால் இசை அங்கே கூடுதல் சுமை தாங்குகிறது.

அந்தப் பெண்மணி செய்தது வினாவும் அன்று, ஐயமும் அன்று. ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் கூற்றுகளை ஏற்றத்தில் முடிப்பது பரவலான வழக்கம். கேட்பவர் தொடர்ந்து வருகிறாரா என்று பார்ப்பதற்கும், பேச்சு இன்னும் முடியவில்லை என்று உணர்த்துவதற்கும் அது பயன்படுகிறது. அமெரிக்காவில் இளம்பெண்களின் பேச்சாகக் கருதி இதைக் கேலி செய்ததுண்டு. 1993இல் ஜேம்ஸ் கார்மன் நியூயார்க் டைம்சில் எழுதிய கட்டுரையில் இதற்கு 'அப்டாக்' என்று பெயரிட்டார். பெல்ஃபாஸ்ட், கிளாஸ்கோ, லிவர்பூல், நியூகாசில் ஆகிய ஊர்களின் பேச்சிலும் கூற்று ஏற்றத்தில் முடிவதுண்டு. ஆனால் அது அவ்வூர்களின் பழைய ஒலிச்சாயலைச் சேர்ந்தது என்பதால் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது சரியாகாது.

குரலின் ஏற்ற இறக்கத்துக்கு நம்மிடம் பழஞ்சொற்களும் உண்டு. எழுத்துகளின் பிறப்பைச் சொல்லுமிடத்தில் நன்னூல் 'எடுத்தல் படுத்தல் நலிதல்' என்று குரலை உயர்த்துவது, தாழ்த்துவது, இடைப்பட ஒலிப்பது ஆகிய மூன்றைக் கூறுகிறது. வடமொழியின் உதாத்தம், அனுதாத்தம், சுவரிதம் என்பவற்றோடு இவற்றை இணைத்துக் காண்பர். அந்த வழியில் அப்டாக்கை 'எடுத்து முடித்தல்' எனலாமே என்று எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் வலையிலிருந்து மீனை எடுத்து முடித்தார்கள் என்று அன்றாடம் பேசும் ஊரில் அச்சொல் வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விடும். ஏறுமுகம், ஏறுவரிசை போன்ற வினைத்தொகைகள் பழகிய காதுக்கு 'ஏறுதொனி' எளிதாக ஏறும். தொனி வடசொல்லே ஆயினும் தமிழில் வேரூன்றி நெடுங்காலமாயிற்று.

ஒலிச்சாயல் என்ற சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுதிப் பார்க்கலாம். இராமேசுவரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் குடியரசுத் தலைவர் மாளிகையில் ஆங்கிலத்தில் உரையாற்றியபோதும் தமிழ் ஒலிச்சாயல் அவர் குரலை விட்டு நீங்கவில்லை. இங்கே உச்சரிப்பு என்று எழுதியிருந்தால் பிழை கண்டதுபோல் ஆகியிருக்கும். வழக்கு என்று எழுதியிருந்தால் அவர் தமிழ்ச் சொற்களைக் கலந்து பேசியதாகப் பொருள்பட்டிருக்கும்.