12 வோல்ட் காட்டியும் சுழலாத விசிறி

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வரும் காரில், தவளக்குப்பம் வரை நடுவிலேயே நின்ற வெப்பமானி முள், அரியாங்குப்பத்தையும் முருங்கப்பாக்கத்தையும் கடந்து மரப்பாலம் நெரிசலில் ஊரும்போது மட்டும் மேலே ஏறுகிறது என்றால், முதலில் ஐயப்பட வேண்டியது ரேடியேட்டர் விசிறியைத்தான். வேகமாக ஓடும் காரில் எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். வண்டி நின்றதும் அந்த வேலை முழுவதும் விசிறியின் மேல் விழுகிறது. காலியான சாலையில் ஓடும்போதும் வெப்பம் ஏறினால் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, அதற்கு வழிவிடத் திறக்காத தெர்மோஸ்டாட் வால்வு, அடைபட்ட ரேடியேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

விசிறியின் மின்சுற்று எளிமையானது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்சாரம் ஃப்யூஸ், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), கப்ளர் (வயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) ஆகியவற்றைக் கடந்து மோட்டாரை அடைகிறது; அங்கிருந்து எர்த் வயர் வழியாகக் காரின் உடற்தகட்டில் இறங்கி எதிர்முனைக்குத் திரும்புகிறது. ரிலே எப்போது இணைய வேண்டும் என்பதற்கான தகவலைத் தருவது கூலன்டில் அமிழ்ந்திருக்கும் வெப்ப உணரி. வெப்பம் ஏற ஏற அதன் மின்தடை குறையும். அறை வெப்பத்தில் சில ஆயிரம் ஓமாக இருப்பது எஞ்சின் சூடானதும் சில நூறு ஓமாக இறங்கிவிடும். அதைப் படிக்கும் எஞ்சின் கணினி, பல கார்களில் 95 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரையிலான நிலையில், ரிலேயை இணைக்கிறது.

எஞ்சின் ஓடும்போது ஏசியைப் போட்டுப் பார்ப்பது நல்ல தொடக்கம். ஒரே விசிறி இரண்டு வேலைகளையும் செய்யும் கார்களில், ஏசிக்குச் சுழன்று எஞ்சின் வெப்பத்துக்கு மட்டும் சுழலாத விசிறி, குறை வெப்ப உணரியிலோ அதன் வயரிலோ இருப்பதைக் காட்டுகிறது. ஏசிக்கும் சுழலவில்லை என்றால் ஃப்யூஸையும் ரிலேயையும் பார்க்க வேண்டும். ரிலே ‘டிக்’ என்று ஒலித்தால் அதன் கம்பிச்சுருள் வேலை செய்கிறது என்று மட்டுமே பொருள். உள்ளே கருகிப்போன தொடுமுனைகளும் அதே ஒலியோடுதான் சேரும். சில கார்களில் எஞ்சினை நிறுத்திய பிறகும் விசிறி தானாகச் சுழலத் தொடங்கும் என்பதால், இவ்வளவு நேரமும் கையை இறக்கைகளுக்கு அருகில் கொண்டுபோகக் கூடாது.

இனி வருவதே பலரைத் தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும் இடம். மோட்டாரின் கப்ளரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தால் 12.6 வோல்ட் காட்டும்; மின்சாரம் வருகிறது, ஆகவே மோட்டார்தான் போய்விட்டது என்று தீர்மானித்துப் புதிய மோட்டாரை வாங்கிவிடுவார்கள். மீட்டரின் உள்தடை ஏறத்தாழ 1 கோடி ஓம். அவ்வளவு பெரிய தடை வழியாக மிகச் சொற்பமான மின்னோட்டமே செல்லும் என்பதால், வழியில் களிம்பு பிடித்த இணைப்பு ஒன்று 100 ஓம் தடையோடு நின்றாலும் மீட்டருக்கு அது தெரியவே தெரியாது. அதே கப்ளரில் இண்டிகேட்டரின் 21 வாட் பல்பை இணைத்துப் பாருங்கள்: பல்பு கேட்கும் 1.75 ஆம்பியரை அந்த இணைப்பு தராது, பல்பு எரியாது. அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் பல்பு வைத்துச் சோதிப்பதன் காரணம் இதுதான்.

விசிறி சுழல்கிறது, ஆனால் சோர்ந்து சுழல்கிறது என்றால் பல்பும் போதாது. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் மறு முனையை மோட்டாரின் நேர் வயரிலும் வைத்து அளக்க வேண்டும். பிறகு பேட்டரியின் எதிர்முனைக்கும் மோட்டாரின் எர்த் வயருக்கும் இடையே அதேபோல அளக்க வேண்டும். நேர்ப்பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேலோ, எர்த் பக்கத்தில் 0.2 வோல்ட்டுக்கு மேலோ காட்டினால் அந்தப் பாதியில் குறை இருக்கிறது. 15 ஆம்பியர் ஓடும்போது 0.1 ஓம் தடையுள்ள ஓர் இணைப்பு 1.5 வோல்ட்டை விழுங்கிவிடும். அதோடு ஏறத்தாழ 22 வாட் வெப்பம் அந்தச் சிறிய தொடுமுனையிலேயே பிறந்து கப்ளரின் பிளாஸ்டிக்கை இளக்கும்.

கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் மோட்டாரைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தை அளந்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. உப்புக்காற்று இணைப்புகளின் மேல் படியவைக்கும் மெல்லிய உப்புப் படலம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மின்சாரத்தைக் கடத்தும் நீராக மாறுகிறது. அதில் செம்பு பச்சையாகக் களிம்பேறுகிறது, எர்த் போல்ட்டின் அடியில் தகடு துருப்பிடிக்கிறது. எப்போதும் மின்னழுத்தத்தில் இருக்கும் நேர்முனைத் தொடுமுனை, மின்னாற்பகுப்பின் காரணமாக, இன்னும் விரைவாக அரிபடும். 2024 நவம்பர் 30 அன்று கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலின் மழையில் புதுச்சேரியின் பல தெருக்கள் மூழ்கின. அப்படித் தண்ணீரில் நின்ற வண்டிகளின் கப்ளர்கள், வெளியே காய்ந்த பிறகும், உள்ளே பல மாதங்கள் அரிபட்டுக்கொண்டிருக்கக்கூடும்.

இரு பக்க அளவுகளும் சரியாக இருந்து, பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் கோத்த வயர் மூலம் நேரடியாகக் கொடுத்தும் சரியாகச் சுழலவில்லை என்றால்தான் மோட்டாரைக் குற்றம் சாட்டலாம். மெல்லத் தட்டியதும் சுழன்றால், மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரத்தைக் கடத்தும் கார்பன் தேய்ந்திருக்கிறது. ஃப்யூஸ் அடிக்கடி போனால், வயர் எங்கும் தகட்டில் உரசவில்லை என்று உறுதி செய்துகொண்டு, விசிறியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கித் தன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. பேரிங் இறுகி நின்றுவிட்டால் அந்த எதிர்ப்பு மறைந்து, மின்னோட்டம் பல மடங்காகிறது. அந்நிலையில் பெரிய ஃப்யூஸைப் போடுவது வயரிங்கை எரிக்கும் வேலை.

எர்த்தில் குறை கண்டால் போல்ட்டைக் கழற்றி, தகடும் வயரின் வளையமும் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கிய பிறகே மேலே வாசலின் தடவ வேண்டும். பச்சைக் களிம்பு வயரின் உறைக்குள்ளும் ஏறியிருக்கலாம். அப்படியானால் செம்பு சிவப்பாகத் தெரியும் இடம்வரை வெட்டிவிட்டுப் புதிய முனையைப் பொருத்தி, விசிறியை ஓடவிட்டு, அதே இரண்டு அளவுகளையும் மீண்டும் எடுக்க வேண்டும்.